நூறு சதவீதம் – எதில் நூறு?
மடிக்கணினியின் பேட்டரி அறிக்கை: ஒரு திறனாய்வு

நூலைத் திறனாய்வு செய்கிறோம். நாடகத்தைத் திறனாய்வு செய்கிறோம். ஓர் அளவுக் கருவி எழுதித் தரும் அறிக்கையை அவ்வாறு யாரும் ஆய்ந்து பார்ப்பதில்லை. எண்ணும் கோடும் பொய் சொல்லமாட்டா என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம். எண் பொய் சொல்வதில்லை என்பது ஓரளவு உண்மைதான். ஆனால், எந்தக் கேள்விக்கு அந்த எண் விடையாக வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டால், மெய்யான எண்ணும் நம்மைத் தவறான முடிவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். இன்று மாணவர் பலர் கையில் இருக்கும் மடிக்கணினி, தன் பேட்டரியைப் பற்றித் தரும் அறிக்கையும் வரைபடமும் அத்தகையவை.

இதை நான் ஒரு தவறு செய்தபின்தான் உணர்ந்தேன். இறுதியாண்டு மாணவி ஒருவர் தம் மடிக்கணினியின் பேட்டரி வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார். நூறிலிருந்து இருபது சதவீதத்துக்கு இரண்டே மணி நேரத்தில் கோடு சரிந்திருந்தது. பழுது பார்க்கும் கடையில் “பேட்டரி போய்விட்டது, புதிது வாங்குங்கள்” என்று சொல்லிவிட்டார்களாம். சில ஆயிரம் ரூபாய்ச் செலவு. அவர் வீட்டில் அது சிறு தொகை அன்று. “சார், மாற்றத்தான் வேண்டுமா?” என்று கேட்டார். நானும் கோட்டைப் பார்த்தேன். “ஆமாம் அம்மா, தேய்ந்துதான் போயிருக்கிறது” என்றேன். அருகில் நின்ற மாணவரின் கணினியில் அதே சரிவுக்கு நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. “பார், இதுவல்லவோ பேட்டரி!” என்று பாராட்டும் வழங்கினேன்.

மறுவாரம் செயல்திட்ட வாய்மொழித் தேர்வு. பாராட்டுப் பெற்ற கணினி, கனமான கணக்கு ஒன்றைத் தொடங்கிய சில நொடிகளில் அணைந்துபோயிற்று. அணையும்போது திரையில் 31 சதவீதம் என்றிருந்தது. “போய்விட்டது” என்று தீர்ப்புச் சொல்லப்பட்ட பேட்டரியோ கடைசிவரை தளராமல் ஓடியது. முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையை அன்று மாலைதான் செய்தேன். கோட்டை விட்டுவிட்டு, அதன் கீழிருந்த எண்களைப் படித்தேன்.

அறிக்கையின் அமைப்பு

2012-ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 8 முதல், விண்டோஸ் இயக்குதளத்தில் ஒரு வரிக் கட்டளையால் பேட்டரி அறிக்கையைப் பெறும் வசதி இருக்கிறது. உலாவியில் திறந்து படிக்கக்கூடிய ஒரு பக்கமாக அது வரும். அதில் முக்கியமான பகுதிகள் ஐந்து. முதலாவது, பேட்டரியின் பிறப்புச் சான்று: அதன் பெயர், வேதி வகை, வடிவமைப்புக் கொள்ளளவு, தற்போதைய முழுக் கொள்ளளவு, சுழற்சி எண்ணிக்கை ஆகியவை. இரண்டாவது, அண்மைச் சில நாள்களில் கணினி எப்போது விழித்திருந்தது, எப்போது உறங்கியது, அப்போது எவ்வளவு ஆற்றல் எஞ்சியிருந்தது என்ற பட்டியல். மூன்றாவது, அந்நாள்களின் மின்னிறக்க வரைபடமும் அட்டவணையும். நான்காவது, முழுக் கொள்ளளவு காலப்போக்கில் மாறிவந்த வரலாறு. ஐந்தாவது, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற மதிப்பீடு.

குறை சொல்லுமுன் நிறையைச் சொல்வது முறை. இந்த அறிக்கை ஆற்றலை மில்லிவாட்-மணியில் தருகிறது. இது பெரும் உதவி. கைப்பேசிப் பேட்டரிகளின் மீது அச்சிடும் மில்லியாம்பியர்-மணி என்பது மின்னூட்டத்தின் அளவு. மின்னழுத்தம் தெரியாமல் அதிலிருந்து ஆற்றலைக் கணக்கிட முடியாது. மில்லிவாட்-மணியோ நேராக ஆற்றலையே சொல்கிறது. ஒரு வாட்-மணி என்பது 3600 ஜூல் என்பது பள்ளி மாணவருக்கும் தெரிந்ததே. மேலும், வடிவமைப்புக் கொள்ளளவையும் இன்றைய கொள்ளளவையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டும் நேர்மை இதில் இருக்கிறது. கண்ணைக் கவரும் வரைபடமோ அந்த நேர்மையைக் காப்பாற்றவில்லை.

சரிவு எதைச் சொல்கிறது?

இயற்பியலில் எந்த வரைபடத்தைக் கண்டாலும் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி: இதன் சாய்வு என்ன? கிடை அச்சில் நேரம். செங்குத்து அச்சில் எஞ்சிய ஆற்றல். அப்படியானால் சாய்வு என்பது ஆற்றலை நேரத்தால் வகுத்தது, அதாவது திறன். கோடு செங்குத்தாக விழுந்தால், கணினி அதிகத் திறனை இழுக்கிறது என்று பொருள். பேட்டரி தேய்ந்தது என்று பொருளாகிவிடாது. குடத்திலிருந்து தண்ணீர் வேகமாகக் குறைந்தால், குடம் சிறியதாகவும் இருக்கலாம். மொள்ளும் சொம்பு பெரியதாகவும் இருக்கலாம்.

அந்த இரு கணினிகளின் எண்களையும் முழு எண்களாக்கித் தருகிறேன். இரண்டு பேட்டரிகளின் வடிவமைப்புக் கொள்ளளவும் 50 வாட்-மணி. மாணவியின் பேட்டரியில் இப்போதைய முழுக் கொள்ளளவு 48 வாட்-மணி. நூறிலிருந்து இருபதுக்கு இறங்கியது என்றால் 80 சதவீதம் செலவாயிற்று, அது 38.4 வாட்-மணி. இரண்டு மணி நேரத்தில் செலவானதால் திறன் 19.2 வாட். திரை முழு ஒளியில் எரிந்துகொண்டிருந்தது. பின்னணியில் ஒரு நிரல் செயலியை ஓயவிடாமல் வேலை வாங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் நோய்.

மாணவரின் பேட்டரியில் இப்போதைய கொள்ளளவு 30 வாட்-மணி. அதில் 80 சதவீதம் 24 வாட்-மணி. நான்கு மணி நேரத்தில் செலவானதால் திறன் 6 வாட். திரை மங்கல், வேலை உரைநடைத் தட்டச்சு மட்டும். பேட்டரி தன் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்கை இழந்திருந்தபோதிலும் கோடு மென்மையாக இறங்கியது. செங்குத்தான கோடு நலமுள்ள பேட்டரிக்கும், மென்மையான கோடு முதுமையடைந்த பேட்டரிக்கும் உரியவையாக இருந்தன. கடைக்காரரும் நானும் தலைகீழாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தோம்.

இந்தக் கணக்கைச் செய்ய வேண்டிய எண்கள் யாவும் அந்த அறிக்கையிலேயே இருந்தன. மின்னிறக்க அட்டவணையில் ஒவ்வொரு வரியிலும் கால அளவும் செலவான ஆற்றலும் அருகருகே நிற்கின்றன. ஒரு வகுத்தல் போட்டால் சராசரித் திறன் கிடைத்துவிடும். அறிக்கை அந்த வகுத்தலைச் செய்து காட்டவில்லை. வரைபடத்தின் அருகே “சராசரித் திறன் 19 வாட்” என்று ஒரு சொல் அச்சிட்டிருந்தால், அந்த மாணவி கடைக்கே போயிருக்க வேண்டியதில்லை.

தேயும் படி

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. திரையின் மூலையில் நாம் காணும் சதவீதம், இன்றைய முழுக் கொள்ளளவை நூறாகக் கொண்டது. பேட்டரி புதிதாக இருந்தபோது கொண்டிருந்த கொள்ளளவை அன்று. எனவே, புதுப் பேட்டரியும் நூறிலிருந்தே தொடங்கும். பாதி தேய்ந்த பேட்டரியும் நூறிலிருந்தே தொடங்கும்.

நெல் அளக்கும் படி ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சுருங்கிக்கொண்டே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அளப்பவர் மட்டும் “ஒன்று, இரண்டு, மூன்று” என்று பழையபடியே எண்ணிக்கொண்டிருக்கிறார். எண்ணிக்கையில் குறைவில்லை, குதிரில்தான் நெல் குறைகிறது. பேட்டரியின் சதவீதம் இந்தப் படியை ஒத்தது. மாணவரின் கணினி “50 சதவீதம்” என்று சொன்னபோது அதில் 15 வாட்-மணி இருந்தது. மாணவியின் கணினி அதே “50 சதவீதம்” என்று சொன்னபோது 24 வாட்-மணி இருந்தது.

இதற்கு ஒரு சமாதானம் உண்டு. பயன்படுத்துவோருக்கு வேண்டியது “இன்று நிரப்பியதில் எவ்வளவு மிச்சம்?” என்பதே அல்லவா? ஆம்; அன்றாடப் பயனுக்கு அது பொருத்தமான அளவே. ஆனால், தேய்மானத்தை அறிய அதே கோட்டைப் பார்க்கச் சொன்னால் அது பயன்படாது. தேய்மானத்தைக் காட்ட வேண்டிய பகுதி வகு எண்ணிலேயே அடித்துச் செல்லப்பட்டுவிட்டது. செங்குத்து அச்சில் வடிவமைப்புக் கொள்ளளவை நூறாகக் கொண்டு கோடு வரைந்தால், மாணவரின் கோடு நூறிலிருந்து அன்று, அறுபதிலிருந்து தொடங்கியிருக்கும். ஒரே பார்வையில் முதுமை தெரிந்திருக்கும்.

கணக்குப்பிள்ளையின் பிழை

இனி, அந்த 48, 30 என்ற எண்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா என்று பார்ப்போம். பேட்டரிக்குள் எஞ்சிய ஆற்றலை அளப்பது எளிதன்று.

வீட்டு இன்வெர்ட்டரில் உள்ள காரீய அமில பேட்டரியை எடுத்துக்கொள்வோம். அதில் மின்னிறக்கத்தின்போது கந்தக அமிலமே வினையில் பங்குகொண்டு செலவாகிறது. ஆகவே அமிலத்தின் ஒப்படர்த்தி, முழு நிலையில் ஏறத்தாழ 1.28 ஆக இருந்து, காலியாகும்போது 1.1-ஐ ஒட்டி இறங்குகிறது. ஒரு நீர்மமானியை மிதக்கவிட்டால் நிலை தெரிந்துவிடும். லித்தியம் அயனி மின்கலத்தில் இந்த வசதி இல்லை. அதில் லித்தியம் அயனிகள் ஒரு மின்வாயிலிருந்து மற்றொரு மின்வாய்க்குப் பெயர்கின்றனவே தவிர, நடுவிலுள்ள மின்பகுளி செலவாவதில்லை. 1980-இல் குடினஃபும் அவர் குழுவினரும் கண்டறிந்த லித்தியம் கோபால்ட் ஆக்சைடு நேர்மின்வாயும், 1985-இல் யோஷினோ அமைத்த கரிம எதிர்மின்வாயும் சேர்ந்து, 1991-இல் சோனி நிறுவனத்தின் வழியாகச் சந்தைக்கு வந்தது இந்த மின்கலம். அவ்விருவரும், இத்துறைக்கு முன்னோடியான விட்டிங்காமும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அமிலத்தை அளக்க முடியாது; மின்னழுத்தத்தை அளந்தால் என்ன? வழக்கமான லித்தியம் கோபால்ட் வகை மின்கலம் ஒன்று, நிரம்பியிருக்கையில் 4.2 வோல்ட் காட்டும். ஏறத்தாழ 3 வோல்ட்டில் காலியானதாகக் கொள்ளப்படும். ஆனால், இந்த இறக்கம் ஒரே சீராக நிகழ்வதில்லை. தொடக்கத்தில் சிறிது விழும், பின் 3.9-க்கும் 3.5-க்கும் இடையே நீண்ட சமவெளியைப் போல மெல்ல இறங்கும். முடிவில் மலைவிளிம்பிலிருந்து விழுவதுபோல விழும். அந்தச் சமவெளியில் 70 சதவீத ஆற்றல் அடங்கியிருப்பதாகக் கொண்டால், 0.4 வோல்ட்டில் 70 பங்கு. அதாவது ஒரு சதவீதத்துக்கு ஏறத்தாழ 6 மில்லிவோல்ட். மின்கலத்தின் அகமின்தடை 0.05 ஓம் என்றும், மின்னோட்டம் 3 ஆம்பியர் என்றும் கொண்டால், அகமின்தடையால் மட்டும் 150 மில்லிவோல்ட் குறையும். அந்தக் குறைவைக் கணக்கில் கொள்ளாமல் மின்னழுத்தத்தை மட்டும் பார்த்துச் சதவீதம் சொன்னால், 25 சதவீதம் வரை பிழைபடும்.

ஆகவே, பேட்டரிக்குள் இருக்கும் சிறு சில்லு கணக்குப்பிள்ளையின் வேலையைச் செய்கிறது. மிகச் சிறிய மின்தடை ஒன்றின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, அதன் முனைகளுக்கிடையே தோன்றும் மின்னழுத்தத்தை இடைவிடாது அளக்கிறது. வந்த மின்னூட்டத்தை வரவிலும், போனதைச் செலவிலும் எழுதி, இருப்பைக் கணக்கிடுகிறது. வரவு செலவுப் புத்தகத்தில் நாள்தோறும் சிறு பிழை நேர்ந்தாலும் அது சேர்ந்துகொண்டே போகும் அல்லவா? 10 மில்லிஓம் மின்தடையில் வெறும் 20 மைக்ரோவோல்ட் அளவீட்டுப் பிழை இருந்தால், அது 2 மில்லியாம்பியர் பிழையாகும். 24 மணி நேரத்தில் 48 மில்லியாம்பியர்-மணி. 4000 மில்லியாம்பியர்-மணி கொண்ட பேட்டரியில் இது ஒரு நாளைக்கு ஒரு சதவீதத்துக்கும் மேல். இந்தப் பிழையைத் திருத்திக்கொள்ள நல்ல சில்லுகளில் வழிகள் உண்டு. பேட்டரி ஓய்வாக இருக்கும்போது மின்னழுத்தத்தைப் பார்த்துத் திருத்தும்; முழுதும் நிரம்பும்போதும் முழுதும் இறங்கும்போதும் இருப்பைச் சரிபார்க்கும். எந்நேரமும் மின்னிணைப்பிலேயே கிடக்கும் கணினிக்குக் கீழ் முனையில் சரிபார்க்கும் வாய்ப்பே கிட்டுவதில்லை.

இங்கேதான் ஓர் இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு அறிக்கையின்மீது கோபம் வருகிறது. அது கொள்ளளவை ஐந்து இலக்கங்களில் அச்சிடுகிறது. 38,140 மில்லிவாட்-மணி என்று ஓர் எண்ணைக் கண்டால், பத்து மில்லிவாட்-மணிவரை துல்லியமாக அளந்துவிட்டார்கள் என்றுதான் படிப்பவர் எண்ணுவார். உண்மையில் அது ஒரு மதிப்பீடு. சில சதவீதப் பிழை அதில் இயல்பு. ஆய்வகத்தில் மாணவர் ஒருவர் மீட்டர் அளவுகோலால் அளந்து மைக்ரோமீட்டர்வரை விடை எழுதினால் நாம் சிவப்பு மை இடுகிறோம். இங்கும் அதே சிவப்பு மை தேவை. “ஏறத்தாழ 38 வாட்-மணி” என்பதே நேர்மையான விடை.

இந்தப் பிழையை உணராதவர்க்கு இரு வீண் கவலைகள் வரும். புதுப் பேட்டரியில் முழுக் கொள்ளளவு சில வேளை வடிவமைப்புக் கொள்ளளவையும் தாண்டி நிற்கும். அது அதிசயமுமன்று, மோசடியுமன்று. கொள்ளளவு வரலாற்றுப் பட்டியலில் எண் வாரக்கணக்கில் அசையாமல் நின்று, திடீரென ஒரு படி இறங்கும். பேட்டரி அந்த ஒரு நாளில் தேயவில்லை. மெல்லத் தேய்ந்துவந்ததைக் கணக்குப்பிள்ளை அன்றுதான் புத்தகத்தில் எழுதினார்.

அறிக்கை சொல்லாத முதுமை

31 சதவீதத்தில் கணினி ஏன் அணைந்தது? அறிக்கையின் எந்தப் பகுதியிலும் இதற்கு விடை இல்லை. காரணம், பேட்டரியின் முதுமைக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று கொள்ளளவு குறைதல். மற்றொன்று அகமின்தடை பெருகுதல். அறிக்கை முதல் முகத்தை மட்டுமே காட்டுகிறது.

மின்கலத்தின் முதல் மின்னேற்றத்தின்போதே எதிர்மின்வாயின் கிராஃபைட் பரப்பில் மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது. அது வேண்டிய படலமே. மின்பகுளி மேலும் சிதையாமல் தடுக்கிறது. ஆனால், ஆண்டுகள் செல்லச் செல்ல அது மெல்லத் தடித்துக்கொண்டே போகிறது. தடிப்பதற்கு வேண்டிய லித்தியத்தைப் புழக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே கொள்ளளவு குறைகிறது. தடித்த படலத்தைக் கடக்க அயனிகள் கூடுதலாகப் போராட வேண்டும். ஆகவே அகமின்தடை பெருகுகிறது. வெப்பமும், எந்நேரமும் நிரம்பிய நிலையில் இருப்பதும் இந்த வினையை விரைவுபடுத்துகின்றன. மிகுந்த குளிரில் மின்னேற்றினால் வேறொரு கேடு: அயனிகள் கிராஃபைட்டுக்குள் நுழைய நேரமின்றி உலோக லித்தியமாக மேலே படிந்துவிடுகின்றன.

அகமின்தடை பெருகுவதன் விளைவைப் பாடநூலில் உள்ள சிறு சமன்பாடே சொல்லிவிடும்: முனைகளின் மின்னழுத்தம் என்பது, மின்னியக்கு விசையிலிருந்து மின்னோட்டத்தையும் அகமின்தடையையும் பெருக்கிக் கழித்தது. மூன்று மின்கலங்கள் தொடரிணைப்பில் உள்ள பேட்டரி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஓரளவு இறங்கிய நிலையில் ஒவ்வொரு மின்கலத்தின் மின்னியக்கு விசையும் 3.5 வோல்ட் எனலாம். கணினி 30 வாட் கேட்கிறது. ஒரு மின்கலத்தின் பங்கு 10 வாட். புது மின்கலத்தின் அகமின்தடை 0.05 ஓம் என்றால், மின்னோட்டம் ஏறத்தாழ 3 ஆம்பியர், இழப்பு 0.15 வோல்ட், முனைகளில் 3.35 வோல்ட். கவலையில்லை. முதிய மின்கலத்தின் அகமின்தடை 0.2 ஓம் என்றால், அதே 3 ஆம்பியருக்கு இழப்பு 0.6 வோல்ட், முனைகளில் 2.9 வோல்ட்தான். அதோடு நிற்பதுமில்லை. கணினி கேட்பது நிலையான திறன். மின்னழுத்தம் விழுந்தால் அது கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். அதனால் மின்னழுத்தம் மேலும் விழுந்து 2.8 வோல்ட்டை எட்டும். 3 வோல்ட் எல்லையைக் கடந்தவுடன் காப்புச் சுற்று கதவை மூடிவிடும். கணினி அணைந்துவிடும்.

அதே முதிய பேட்டரியில் 6 வாட் மட்டும் இழுத்தால், ஒவ்வொரு மின்கலமும் ஏறத்தாழ 3.4 வோல்ட்டில் நிற்கும். எந்தக் குறையும் வெளியே தெரியாது. தட்டச்சு செய்தபோது நான்கு மணி நேரம் தாங்கிய பேட்டரி, கனமான கணக்கின்போது ஒரு நொடியும் தாங்காத காரணம் இதுவே. ஆற்றல் உள்ளே இருந்தது. வேண்டிய வேகத்தில் வெளியே வர இயலவில்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தும் ஊற்றுக்கண் அடைபட்டதைப் போன்ற நிலை.

இதைக் கண்டறிய மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பநிலை ஆகிய மூன்றும் வேண்டும். பேட்டரிச் சில்லு இவற்றை அளந்தபடியேதான் இருக்கிறது. அறிக்கையோ இவற்றில் ஒன்றையும் தருவதில்லை. லினக்ஸ் இயக்குதளம், பேட்டரி தெரிவிக்கும் மின்னழுத்தத்தையும், மின்னோட்டம் அல்லது திறனையும் படிக்கக்கூடிய சிறு கோப்புகளாகவே வைத்திருக்கிறது. எனவே இது இயலாத காரியமன்று. நோயாளியின் எடையை மட்டும் குறித்து, நாடித் துடிப்பையும் காய்ச்சலையும் விட்டுவிட்ட மருத்துவக் குறிப்பேடு போல இருக்கிறது இந்த அறிக்கை.

கோடு உண்டு, அளவீடு இல்லை

வரைபடத்தைப் பற்றி இன்னும் சில எச்சரிக்கைகள். கணினி இடைவிடாது அளந்து புள்ளியிடுவதில்லை. நிலை மாறும் வேளைகளில் பதிவு செய்து, இரு பதிவுகளை நேர்கோட்டால் இணைக்கிறது. இரவு முழுதும் மூடிவைத்த கணினியின் கோடு நேராக இறங்கினால், ஆற்றல் சீராகச் செலவாயிற்று என்று கொள்ளக் கூடாது. முதல் ஒரு மணி நேரத்திலேயே பெரும்பகுதி செலவாகியிருக்கலாம். கோட்டின் இரு முனைகள் மட்டுமே சாட்சி, நடுப்பகுதி ஊகம்.

கோடு எண்பது சதவீதத்துக்கு மேல் ஏறாமல் நின்றால், அதுவும் தேய்மானத்தின் அடையாளமன்று. பேட்டரியின் ஆயுளைக் காக்கவென்று பல கணினிகளில் மின்னேற்றத்துக்கு வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. அதன் வேலை அது. சுழற்சி எண்ணிக்கை என்பது மின்னிணைப்புச் செருகியைச் சொருகிய தடவைகளின் கணக்கன்று. பாதி பாதியாக இருமுறை செலவழித்தால்தான் ஒரு சுழற்சி. பல கணினிகளில் அந்த இடத்தில் வெறும் கோடோ சுழியமோ நிற்கும். “ஒரு சுழற்சிகூட ஆகாத பேட்டரி” என்று அதைக் காட்டி யாராவது பழைய கணினியை விற்க வந்தால், நம்ப வேண்டாம்.

இறுதியாக, பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்து அறிவுரை ஒன்று இன்றும் உலவுகிறது: “முழுதும் இறக்கிவிட்டுப் பிறகு ஏற்று, பேட்டரி புத்துயிர் பெறும்.” லித்தியம் அயனிக்கு இது பொருந்தாது. எப்போதாவது ஒருமுறை அவ்வாறு செய்தால் கணக்குப்பிள்ளையின் புத்தகம் திருந்தும், பேட்டரி இளமையாகாது. அடிக்கடி செய்தால் பேட்டரிக்குக் கேடே.

எப்படிப் படிப்பது?

மாணவ நண்பர்களுக்கு நான் இப்போது சொல்லித் தரும் முறை இது. முதலில், முழுக் கொள்ளளவை வடிவமைப்புக் கொள்ளளவால் வகுத்துப் பாருங்கள். 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பொதுவாகக் கவலை வேண்டாம். ஒரு நாள் எண்ணைப் பார்க்காமல், சில மாதங்களின் போக்கைப் பாருங்கள். அடுத்து, அட்டவணையிலுள்ள ஆற்றலை நேரத்தால் வகுத்துத் திறனைக் காணுங்கள். திறன் மிகுதி என்றால் குறை பேட்டரியில் இல்லை. திரையின் ஒளியிலோ ஓடும் நிரலிலோ இருக்கிறது.

மூன்றாவதாக, கோட்டில் செங்குத்து வெட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். மெல்ல இறங்கிவந்த கோடு, முப்பதிலோ இருபதிலோ திடீரென அறுபட்டு விழுந்தால், அதுவே முதுமையின் உறுதியான அடையாளங்களுள் ஒன்று. அணைந்த கணினியைச் சிறிது நேரம் கழித்து மீண்டும் இயக்கினால் உயிர்பெற்றுச் சற்று நேரம் ஓடுமானால், ஐயம் அகமின்தடையின் மீதே செல்ல வேண்டும். நான்காவதாக, வரைபடத்தை மூடிவிட்டுக் கணினியைக் கையால் தடவிப் பாருங்கள். தொடுபலகை மேலெழுந்தோ, அடிப்பகுதி புடைத்தோ, மேசையில் வைத்தால் ஆடுவதாகவோ இருந்தால், மின்பகுளி சிதைந்து உள்ளே வாயு சேர்ந்திருக்கக்கூடும். அப்போது சதவீதம் எதுவாயினும் பொருட்டில்லை. மின்னேற்றுவதை உடனே நிறுத்தி, குத்தாமல், அழுத்தாமல், தெரிந்தவர் கையால் அகற்றச் செய்ய வேண்டும். உயிர் காக்கும் இந்த அடையாளத்தை எந்த அறிக்கையும் அச்சிடுவதில்லை.

தீர்ப்பு

மொத்தத்தில் இந்த அறிக்கையை நல்லதென்பதா, குறையுள்ளதென்பதா? அதன் அட்டவணைகள் நேர்மையானவை; வரைபடம் அரைகுறையானது. அட்டவணையில் இருப்பதைக்கூட வரைபடம் மறைத்துவிடுகிறது என்பதே என் முதன்மையான குற்றச்சாட்டு. செங்குத்து அச்சு வாட்-மணியில் இருக்கட்டும்; சராசரித் திறன் கோட்டின் மேல் எழுதப்படட்டும்; அளவீடு இல்லாத இடம் புள்ளிக்கோடாக இருக்கட்டும்; மின்னழுத்தமும் வெப்பநிலையும் உடன் வரட்டும்; ஐந்து இலக்கங்கள் இரண்டாகக் குறையட்டும். இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பை வேண்டுவதன்று.

குறை அறிக்கையின்மீது மட்டுமன்று. பாடத்தில் சாய்வு என்றால் என்ன என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டும் நான், ஒரு மாணவியின் கேள்வி முன்னால் வந்தபோது அச்சின் அலகைப் பார்க்காமல் விடை சொல்லிவிட்டேன். அவர் என் சொல்லை நம்பி அன்றே கடைக்குப் போயிருந்தால், ஒரு நல்ல பேட்டரி குப்பைக்குப் போயிருக்கும். ஒரு குடும்பத்தின் பணம் வீணாகியிருக்கும். கையில் பணம் இல்லாததால் மட்டுமே அவர் காத்திருந்தார். அன்று முதல் என் ஆய்வக வகுப்பில் ஒரு பயிற்சியைச் சேர்த்திருக்கிறேன். ஒவ்வொருவரும் தத்தம் கணினியின் அறிக்கையைக் கொண்டுவந்து, அதிலுள்ள கோட்டுக்குச் சாய்வும் அலகும் பிழை எல்லையும் எழுத வேண்டும். முதல் அறிக்கையாக என் கணினியினுடையதைக் கொடுத்தேன். அது இப்போது 71 சதவீதத்தில் இருக்கிறது – வடிவமைப்புக் கொள்ளளவில்.